குடை சொன்ன கதை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே எனக்குத் தரப்பட்ட பொருள் 'சிறுவர் உள்ளமும் இலக்கியமும்' என்பதாகும். நான் உளவியல் கற்றவன் அல்லன். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன். அதாவது பிள்ளைகளுடைய கட்டுரைக் கொப்பிகளைச் சிவப்பு மையினால் திருத்தியவன். அப்படித் திருத்திய கொப்பிகளுள் ஒன்றைப் பற்றி முதலிற் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றவற்றைப் பேச எனக்கு வாய் வராது.

1997ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். வலிகாமத்திலே ஒரு கிராமப் பாடசாலை. 1995 ஒக்ரோபர் 30இல் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னர் திரும்பி வந்தவர்கள் நாங்கள். வகுப்பறையின் ஒரு பக்கத்துச் சுவர் பாதிக்கு மேல் இல்லை. சாரல் அடித்தால் அந்தப் பக்கத்து வாங்குகளை இழுத்து இந்தப் பக்கம் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடருவோம். மழை நாளாக இருந்தபடியால் தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு 'ஒரு குடையின் சுயசரிதை' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதாதவர்கள் நேயர்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். குடை ஒரு தொழிற்சாலையிலே பிறக்கும். கப்பலேறிக் கொழும்புக்கு வரும். கடையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு கனவான் வாங்குவார். வெயிலுக்கும் மழைக்கும் அவருக்கு உதவும். கடைசியிலே கம்பி முறிந்து தெருவோரத்திற் கிடந்து, மனிதருடைய நன்றிகெட்டதனத்தை நினைத்துக் கண்ணீர் வடிக்கும். நானும் இதைத்தான் எழுதினேன். எனக்குப் படிப்பித்தவரும் இதைத்தான் எழுதியிருப்பார். வகுப்பிலே முப்பத்தைந்து பிள்ளைகள் இதையே எழுதித் தந்தார்கள்.

ஒரு பெடியனுடைய குடை மட்டும் எங்கேயும் பிறக்கவில்லை. கடையிலும் இருக்கவில்லை. அது ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால், ஆணியிலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் மழையில்லாத ஒரு நாள் சைக்கிளில் வெளியே போனார். மழையில்லாதபடியால் குடையை எடுக்கவில்லை. மாரிக்கு முன்னர் வந்துவிடுவார், மாரி தொடங்கினால் நான் அவருக்கு வேண்டும்தானே என்று குடை நினைத்துக்கொண்டது. மாரி வந்துவிட்டது. அவர் இப்போது எங்கேயோ நனைகிறார். நான் இங்கே ஈரமில்லாமல் இருக்கிறேன். கதை அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட இல்லை.

நான் அதை ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்திலே திருத்தினேன். றகரத்துக்கு ரகரம் போட்டிருந்த இடங்களைச் சுழித்தேன். 'குடையின் பயன்கள் கூறப்படவில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். 20க்கு 8 புள்ளி. அடியிலே, என் வழமைப்படி, ஒரு குறிப்பு: 'கற்பனை போதாது.'

அந்தப் பெடியன் வகுப்பிலே நித்திரை கொள்பவன். முதற் பாடத்திலேயே தலை கவிழ்ந்துவிடும். பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். எழும்பி நில் என்பேன், நிற்பான். நின்றபடியும் கண் சொருகும். அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவன் எழுதித் தந்தவையெல்லாம் மற்றப் பிள்ளைகள் எழுதுவது மாதிரியே இருந்தன. தேறிவிட்டான் என்று நினைத்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் அவனுடைய ஆச்சி பாடசாலைக்கு வந்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்க வரவில்லை. கிராமத்திலே தமிழ் வாத்தியார் என்றால் விண்ணப்பம் எழுதும் வேலையும் அவருடையதுதான். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். நான் தாளை எடுத்தேன்.

"பேரைச் சொல்லுங்கோ, ஆச்சி."

சொன்னார். வயதைச் சொன்னார். 1996 ஆவணி மாதத்துத் தேதி ஒன்றைச் சொன்னார். "மத்தியானம் சாப்பிட்டிட்டுச் சைக்கிளிலை போனவர், மாஸ்டர். நல்ல வெயில். குடையும் எடுக்கேல்லை. உதிலை போட்டு வாறன் எண்டுதான் சொன்னவர்."

அந்த ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர். அப்படியான விண்ணப்பங்கள் சிலவற்றை நான் முன்னரும் எழுதியிருந்தேன். 'மேற்படி திகதியில் துவிச்சக்கரவண்டியில் வெளியே சென்ற எனது மகன் இன்றுவரை வீடு திரும்பவில்லை' என்று எழுதிக்கொண்டு போகும்போது பேனா நின்றுவிட்டது. இதை நான் வாசித்திருக்கிறேன். வாசித்து, 20க்கு 8 போட்டிருக்கிறேன்.

"பேரன் இரவிலை என்ன செய்யிறவன்?" என்று கேட்டேன்.

"அவன் எங்கை படுக்கிறான்? கதவடியிலைதான் குந்திக்கொண்டிருப்பான். படலைச் சத்தம் கேட்டால் எழும்பி ஓடுவான். நாயாக்கும், காத்தாக்கும் எண்டு நான் சொல்லுறனான். கேக்கமாட்டான்."

நேயர்களே, இதற்குப் பிறகு நான் செய்தவற்றைப் பெரிய சாதனையாகச் சொல்ல வரவில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. அடுத்த நாள் இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன். அடிவிழும் என்ற முகத்தோடு வந்தான்.

"தம்பி, உன்ரை குடைக் கதையை நான் வடிவாய் வாசிக்கேல்லை. இன்னொருக்கா வாசிச்சுக் காட்டுறியா?"

கொப்பியைக் கொண்டுவந்தான். சிவப்பு மையெல்லாம் அப்படியே இருந்தது. வாசித்தான். நான் சுழித்த இடங்களில் எல்லாம் நின்று, திருத்தித் திருத்தி வாசித்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முடிந்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்:

"சேர், குடை சைக்கிளிலைதான் கொழுவியிருந்தது. நான்தான் விளையாட எடுத்தனான். பேந்து கொண்டுபோய் ஆணியிலை கொழுவினனான்."

அதாவது, குடை சைக்கிளிலே இருந்திருந்தால் அப்பா வந்திருப்பார் என்பது அவன் கணக்கு. பதினெட்டு மாதமாக அந்தக் கணக்கை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறான். "சீ, அப்பிடியெல்லாம் நினைக்கக்கூடாது" என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படியோ சொல்லவில்லை, என் வாழ்நாளில் நான் அடக்கிய ஒரேயொரு புத்திமதி அதுவாகத்தான் இருக்கும். "சொல்லு" என்றேன். மணி அடிக்கும்வரை சொன்னான். அழவில்லை. கெற்றப்போலிலிருந்து ஆட்டுக்குட்டிவரை சம்பந்தமில்லாத பலவும் சொன்னான். குடையிலே பிழையில்லை, குடையை எடுத்தவனிலும் பிழையில்லை என்று நான் சொன்னது பல நாள் கழித்து. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் சீர்மியத்திலே குறுகிய காலப் பயிற்சி பெற்றிருந்தார். 'கவுன்சிலிங்' என்பதற்கு எங்கள் பக்கத்தில் அந்நாளில் வழங்கிய சொல் அது. இப்போது 'உளவளத்துணை' என்கிறார்கள். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் மூன்று காரியம் செய்தார். முதற்பாட நேரத்தில் வாசிகசாலை அறையிலே அவன் பாய்விரித்து நித்திரை கொள்ள அதிபரிடம் அனுமதி வாங்கினார். ஆச்சியின் பாய்க்குப் பக்கத்திலே அவனுடைய பாயைப் போடச்சொல்லி, 'படலையை நான் பாக்கிறன், நீ படு' என்று ஆச்சியைக்கொண்டு இரவில் சொல்லுவித்தார். பிறகு தாயையும் அவனையும் ஆஸ்பத்திரியில் உளநல மருத்துவரிடம் கூட்டிச்சென்றார். நித்திரை சீராவதற்கு அந்த ஆண்டு முழுவதும் சென்றது.

அந்த ரீச்சரிடந்தான் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதி 1993இல் வெளிவந்த 'மனவடு' என்ற நூலை இரவல் வாங்கினேன். போரும் இடப்பெயர்வும் மனங்களுக்குச் செய்ததைத் தமிழிலே, எங்கள் ஊர்ப் பாஷையில் விளங்கும்படி சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. வளர்ந்தவர்களுடைய துக்கம் துக்கத்தின் உடுப்பிலேயே வரும். பிள்ளையின் துக்கம் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். சின்னப் பிள்ளைக்கு வயிற்றுக்குத்தாக, தலையிடியாக, விட்டுப்போன பாயில் மூத்திரம் போகும் பழக்கமாக வரும். கட்டிளமைப் பருவத்தினருக்குக் கோபமாக, வாய்காட்டலாக, படிப்பில் வீழ்ச்சியாக, அறைக்கதவைச் சாத்துவதாக வரும். செத்தவீட்டிலிருந்து வந்த பிள்ளை அரைமணி நேரத்தில் மாபிள் அடித்து விளையாடும். அதைக் கண்டு 'இதுக்கு ஒன்றும் விளங்கேல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறோம். துக்கத்துக்குள் இறங்குவதும் கரையேறி விளையாடுவதும் திரும்ப இறங்குவதும்தான் பிள்ளைகளின் முறை.

காணாமற்போதலோ இன்னும் சிக்கலானது. வியட்நாம் போரிலே காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், இப்படி முடிவு தெரியாத இழப்புக்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்தார். செத்தவீடு இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை. அழவும் முடியாது, அழாமலிருக்கவும் முடியாது. இதற்கு அந்தப் பெடியன் எழுதியதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த நூலிலும் காணவில்லை. ஆணியிலே தொங்கும் நனையாத குடை.

அவன் அதை என்னிடம் நேரே சொல்லியிருக்கமாட்டான். 'எனது தந்தை' என்று தலைப்புக் கொடுத்திருந்தால், 'எனது தந்தை நல்லவர், வல்லவர்' என்று எழுதியிருப்பான். குடை என்றபடியால் சொன்னான். பிள்ளை தன்னைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு பொருள் வேண்டும். பொம்மையோ களிமண்ணோ காகமோ முகமூடியோ ஏதோ ஒன்று. இதை விளங்கிக்கொண்டவர்கள் எங்கள் மண்ணிலே இருந்தார்கள். மட்டக்களப்பில் 1996இல் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியபோது, போரால் நொந்த தமிழ், முஸ்லிம் கிராமப் பிள்ளைகளை அங்கே கூட்டிவந்து, 'உனக்கு என்ன நடந்தது?' என்று விசாரணை வைக்கவில்லை. மண்ணையும் நிறத்தையும் கதையையும் கூத்தையும் கொடுத்து விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலே, 2025 தை மாதம் எம்மைவிட்டு மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள், போர்க்கால மனங்களின் வேக்காட்டை 'அன்னை இட்ட தீ' நாடகமாக மேடையேற்றினார். அவரே சிறுவர் அரங்கிலும் உழைத்தவர் என்பது தற்செயலன்று.

இலக்கியத் தொடர் என்பதால் எனக்கொரு மனக்குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் இலக்கியத்திலே குழந்தைக்குக் குறைவில்லை. பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்தமே வைத்திருக்கிறோம். மூன்றாம் மாதத்துக் காப்புப் பருவம் தொடங்கி இருபத்தோராம் மாதம்வரை, பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. தலையசைத்ததைப் பாடினோம், கைகொட்டியதைப் பாடினோம், நிலாவைக் கூப்பிட்டதைப் பாடினோம். அதன் பின்னர் அந்தப் பிள்ளை எங்கே போகிறது? திரும்ப நாங்கள் காணும்போது அது காதலனாகவோ காதலியாகவோ வந்து நிற்கிறது. உலா இலக்கியத்திலே பேதை, பெதும்பை என்று சிறுமியர் வருவார்களே என்று கேட்பீர்கள். அவர்களும் வீதியுலா வரும் தலைவனைப் பார்க்கும் வரிசைக்காக வந்தவர்கள்தாம். பன்னிரண்டு வயதிலே, கதவடியிற் குந்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இலக்கணகாரர் பருவம் வகுக்கவில்லை.

ஈழத்துச் சிறுவர் பாடல்களைப் பற்றிச் சொன்னால், நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளையின் சந்தோஷத்தைத் தெரிந்தவர். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கூழும் கொழுக்கட்டையும் உண்டு என்ற மகிழ்ச்சியை அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டில் இன்றைக்கும் வாயூற உணரலாம். அவருக்குப் பின் வந்த எங்களிற் பலர் அந்தச் சந்தோஷத்தையும் விட்டுவிட்டு அறிவுரையை மட்டும் பிடித்துக்கொண்டோம். நானும் இரண்டு சிறுவர் கதைப் புத்தகம் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் முயல் பொய் சொல்லிக் கடைசிப் பக்கத்திலே திருந்துகிறது. பயந்த முயலைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை.

திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தை எடுங்கள். தந்தை மகனுக்குச் செய்யவேண்டிய உதவி அவனைச் சபையிலே முன்னிற்கச் செய்வது என்ற குறள் 67ஆவது. சான்றோன் என்று மகனைப் பிறர் சொல்லக்கேட்டுத் தாய் மகிழ்வது 69ஆவது. பரிசளிப்பு விழாக்களில் அதிபர்மார் சொல்வது இந்த இரண்டையுந்தான். ஆனால் அவற்றுக்கு முன்னே வள்ளுவர் என்ன வைத்தார்? 64இலே பிள்ளை சிறுகையால் அளைந்த கூழ். 65இலே பிள்ளையின் தீண்டல் உடம்புக்கும் அதன் சொல் காதுக்கும் இன்பம் என்பது. 66இலே குழலையும் யாழையும்விட அந்தச் சொல் இனிது என்பது. முதலில் உன் காதைக் கொடு, சபையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்ற வரிசை அது. நான் முப்பத்தொரு ஆண்டு இந்த அதிகாரத்தைப் படிப்பித்தேன். வரிசை கண்ணில் படவில்லை.

போர் 2009இல் முடிந்தது. இனி எங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று கேட்பவர்களைத் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வரச்சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு 200 புள்ளியில் ஒரு பரீட்சை, மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்கட்டும் என்ற நோக்கம் நல்லதுதான். அந்த நோக்கம் ரியூற்றரி மதில்களில் ஒட்டிய படங்களுக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது. ஆடிப்பிறப்பன்றும் வகுப்பு உண்டு.

எங்கள் அயலிலே ஒரு பிள்ளைக்கு விடிய நாலு மணிக்கு எழுப்பினால் வயிற்றுக்குத்து. சத்தியும் வரும். பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஸ்கான் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். ஒன்றுமில்லை என்றதும் 'பொய் சொல்கிறாய்' என்று அடி விழுந்தது. வகுப்பில்லாத நாளில் குத்து வருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தது அம்மம்மா. ஆனாலும் குத்து பொய்யல்ல, நேயர்களே. மனம் நொந்தால் பிள்ளைக்கு வயிறு நோகத்தான் செய்யும், அது நடிப்பன்று. பரீட்சை முடிந்ததும் குத்து நின்றது. மூன்று புள்ளியால் அது தவறிவிட்டது. தாய் மூன்று நாள் அழுதார். நல்ல தாய்தான், பிள்ளைக்காக நித்திரை முழித்தவர். அந்த மூன்று நாளும் பிள்ளை விறாந்தைத் தூணடியிலிருந்து தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை நான் என் கண்ணாலே கண்டேன். அது என்ன கணக்குப் போட்டிருக்கும் என்பதை ஊகிக்க எனக்குக் குடைக் கதை ஒன்றே போதும்.

கைத்தொலைபேசியைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பழி எல்லாவற்றையும் அதன் தலையிலே போடுவது எங்களுக்கு வசதியாக இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தாய் மத்திய கிழக்கிலே வீட்டு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கருவிதான் தாயின் முகம்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லவேண்டியது. 2003ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. கெட்டிக்காரி. ஒரு கிழமைக்குள் தன் பேனாப் பெட்டியை ஒருத்திக்கும், முத்திரை அல்பத்தை இன்னொருத்திக்கும், பாட்டுக் கொப்பியை வேறொருத்திக்கும் கொடுத்துவிட்டாள். ஆசிரியர் அறையிலே நாங்கள் அவளுடைய தாராள குணத்தைப் புகழ்ந்து பேசினோம். முன்னே சொன்ன விஞ்ஞான ரீச்சர் மட்டும் புகழவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, செத்துப்போகவேணும் எண்டு நினைக்கிறியோ?" என்று நேரே கேட்டார்.

பிறகு இதைக் கேள்விப்பட்டு நான் அவரோடு கோபித்தேன். நினையாத பிள்ளைக்கும் நினைப்பூட்டுவதா என்றேன். அவர் கோபிக்காமல் சொன்னார்: "நினைக்காத பிள்ளை இல்லையெண்டு சொல்லும், மாஸ்டர். நினைச்ச பிள்ளை, ஒராள் கேட்டிட்டாரே எண்டு மூச்சுவிடும்." அவள் மூச்சுவிட்டாள். ஆமென்று சொல்லி அழுதாள். அன்றைக்கே அவளைத் தனியே விடாமல், பெற்றோரையும் கூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்தும் மாதக்கணக்கான கதையும் வேண்டியிருந்தன. இன்றைக்கு அவள் இரண்டு பிள்ளைகளின் தாய். நேரே கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன என்று பின்னர் அறிந்தேன்.

'நினைத்தவர் எப்படியும் செய்துதான் தீருவார்' என்று எங்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது பிழை. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. மிகக் கொடிய கிருமிநாசினிகளின் இறக்குமதியை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 2005 அளவில் அந்த வீதம் பாதியாகிவிட்டது. நாட்டிலே போரும் வறுமையும் அப்படியேதான் இருந்தன. ஆனால் அந்த ஒரு வேளையைத் தாண்டிவிட்டவர்களிற் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு வேளை எவ்வளவு பெரிது, ஆனால் எவ்வளவு குறுகியது என்பதை வீட்டிலுள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, உளநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், ஏறத்தாழப் பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்குகின்றன. அதாவது, நோய் தொடங்கும்போது அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பறையிலே இருக்கிறது. நீங்களோ, உங்கள் பிள்ளையோ அப்படியொரு நிலையில் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926. சிறுவர்களுக்காகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோவிலும் பொறுமையாகக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவரிடம் போனால் 'விசர்' என்ற பெயர் வந்துவிடும், பிறகு கலியாணம் பேச முடியாது என்று பின்னிற்பவர்களுக்கு என்னால் ஒன்றுதான் சொல்ல முடியும்: காய்ச்சலுக்குப் போகும் அதே ஆஸ்பத்திரிதான், அதே துண்டு வரிசைதான்.

நேரம் முடியப்போகிறது. குடைக்காரப் பெடியன் என்னவானான் என்று கேட்பீர்கள்.

நான் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளின் பின்னர், 2019இல், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலே ஒருவர் வந்து "சேர்" என்றார். முன் மயிர் நரைத்திருந்தது. கூட்டுறவுச் சங்கமொன்றிலே வேலை செய்கிறாராம். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "20க்கு 8" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன பதில் சொல்ல? அந்தக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். பிந்திய இடப்பெயர்வொன்றிலே தொலைந்துவிட்டதாம். தகப்பனைப் பற்றி ஏதும் தகவல் வந்ததா என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன். அவரே சொன்னார்:

"குடை இன்னும் இருக்கு, சேர். சீலை உக்கிப்போச்சு. போன மாரிக்கு முதல் குடுத்துப் புதுச் சீலை போட்டனான்."

"மழைக்குக் கொண்டு போறனியோ?" என்று கேட்டேன். பழைய ஒருமை தானாகவே வந்துவிட்டது.

"அம்மா எடுக்க விடமாட்டா" என்றான்.

அவனுடைய பஸ் வந்துவிட்டது.